அம்மா பிழை பார்த்த கல்வெட்டு

அம்மாவுக்கு இருதயத்தில் ஒபரேசன் செய்தே ஆகவேண்டும், அதுவும் கொழும்பில்தான் என்று டொக்டர் சொன்ன அன்று மாலை, அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். நகை எங்கே இருக்கிறது, காணி உறுதி எந்த அலுமாரியில் என்று சொல்லப்போகிறார் என நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"கொப்பர் எனக்கு ஒரு கல்வெட்டு எழுதி வைச்சிருக்கிறார். புதன்கிழமை ரெயிலேற முந்தி அதை நான் ஒருக்கால் பிழை பாக்கவேணும்."

கொப்பர் என்று அம்மா சொன்னது என் அப்பாவை.

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். முதலில் இறந்தவரின் படம். பிறகு சீவிய சரித்திரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரங்கள். அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வீட்டிலுள்ள எல்லாரும் வரிசையாக நின்று செய்யுளில் அழுவார்கள். கடைசிப் பக்கத்தில் வம்சாவழி இருக்கும், கோடுகளும் பெட்டிகளுமாக. அழுகிறவர்கள் ஒருவரும் அந்தச் செய்யுளை எழுதுவதில்லை. அதற்கென்று ஓர் ஆள் இருப்பார். கொக்குவிலில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த நாலைந்து ஊருக்கு அந்த ஆள் என் அப்பா. வீட்டு மதிலோடு ஒட்டியபடி அச்சுக்கூடம் வைத்திருந்தார். முதலில் ஈய எழுத்து, பிறகு கணினி. செத்தவர்களைப் பாடித்தான் எங்களைப் படிப்பித்தார்.

ஆனால் செத்தவர்களைத்தான் பாடுவார். முன்னுக்கு இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்குக் கல்வெட்டு எழுதுகிறதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அம்மா. இருக்கிற ஆளுக்கு ஆரும் கல்வெட்டு எழுதுவினமோ?"

"எழுதினவர். தானே சொன்னவர்."

பதினைந்து வருடத்துக்கு முன் அம்மாவுக்கு முதன்முதலாக நெஞ்சுவலி வந்து, பத்து நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது அம்மாதான் முந்திவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிப்போய் இருவருக்கும் சண்டை. "நான் செத்தால்தான் உங்களுக்கு அருமை தெரியும்" என்று அம்மா சொல்ல, "கவலைப்படாதை, உன்ரையும் எழுதி வைச்சாச்சு" என்று அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனாராம். அம்மா அதன் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

முந்தியது அப்பாதான். போய்ப் பதினொரு வருடம். ஊருக்கெல்லாம் கல்வெட்டு அடித்தவருக்கு நாங்கள் அவசர அவசரமாக வேறோர் இடத்தில் கொடுத்து அடிப்பித்தோம். அச்சாகி வந்த பிறகு அம்மா அதில் ஏழு பிழை கண்டுபிடித்தார். ஒன்று, என் தம்பியின் மனைவியை மகள் என்று போட்டிருந்தார்கள். அந்த ஏழையும் இன்றைக்குக் கேட்டாலும் தேவாரம் போல ஒப்புவிப்பார்.

பிழை என்றால் அம்மாவுக்கு ஆகாது. அதற்கும் காரணம் அப்பாவின் வேலைமுறைதான். அப்பா ஒருநாளும் வெற்றுத்தாளில் தொடங்கமாட்டார். போன கிழமை செத்தவரின் கல்வெட்டைக் கணினியில் திறந்து, அதன் மேலேயே இந்தக் கிழமை செத்தவரைத் தட்டுவார். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, தேவையில்லாத பெட்டிகளை அழித்து, ஒரு பகலில் முடித்துவிடுவார். சில வேளை பழையவரின் ஆட்கள் புதியவரின் குடும்பத்துக்குள் தங்கிவிடுவார்கள். ஒருமுறை நெல்லியடிப் பக்கத்து ஐயா ஒருவரின் வம்சாவழிக்குள் முந்தின கல்வெட்டின் மருமகன் அப்படியே நின்றுவிட்டார். முந்நூறு புத்தகம். ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்து வாசலில் நின்று கத்தினார்கள். அப்பாவும் அம்மாவும் நிலத்தில் இருந்து முந்நூறு துண்டுத்தாள் வெட்டி அந்த மருமகனின் மேல் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அம்மா சிவப்புப் பேனையால் "சரி" என்று எழுதாத பக்கம் அச்சுக்குப் போனதில்லை.

ஆகவே, தன்னுடைய கல்வெட்டைப் பிழை பார்க்காமல் அம்மா ஒபரேசன் மேசையில் ஏறமாட்டார் என்பது எனக்கு விளங்கியது. அன்று வியாழக்கிழமை. ஆறு நாள் இருந்தது.

அப்பாவின் கணினியில் நான் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஓர் இருமல்கூட இல்லை. கனடாவில் கணினி வேலை செய்கிற தம்பிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பக்கம் நான் இரண்டு தரம் "ஹலோ" சொல்லவேண்டி வந்தது.

"அம்மாக்கோ? உயிரோடை இருக்கேக்கையோ?"

"ஓமடா."

"அக்கா, எனக்கு நெஞ்சு பதறுது."

பதறியவன் அடுத்த நிமிடமே அந்த ஹார்ட் டிஸ்க்கின் பின்பக்கத்தில் வயர் செருகுகிற இடம் எப்படி இருக்கிறது, படம் எடுத்து அனுப்புங்கள் என்றான். அவனும் அப்பாவின் பிள்ளைதான்.

கோப்பு கிடைத்தாலும் திறக்காது என்றான். அப்பா பக்கம் அமைத்த செயலி பழையது, எழுத்தும் பழையது. இன்றைய கணினியில் திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரித்தான் தெரியும்.

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உங்கடை லப்டொப்புக்குள்ளை இன்னொரு கொம்பியூட்டரை இருத்தலாம். வேர்ச்சுவல் மெஷின் எண்டு பேர். அது வெறும் புரோகிராம்தான், ஆனால் உள்ளுக்கு இருக்கிற விண்டோஸுக்கு அது தெரியாது. தான் ஒரு உண்மையான பெட்டிக்குள்ளை இருக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கும். அதுக்குள்ளை அப்பான்ரை பழைய விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு, அவற்றை புரோகிராமையும் போட்டியளெண்டால், எல்லாம் அப்ப இருந்த மாதிரி ஓடும்."

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். புதிதாக ஒன்றைச் சொல்லித்தந்தால் செய்வேன், ஆனால் என்னை அவசரப்படுத்தினால் கோபம் வரும். அந்த ஆறு நாளும் அவன் என்னை அவசரப்படுத்தினான், நான் அவனை ஏசினேன்.

அப்பாவின் மேசை லாச்சியில் பழைய சீடிகள் இருந்தன. எக்ஸ்பி சீடியின் உறையில் அந்த நீண்ட இலக்கத்தை அப்பா தன் கையால் எழுதி வைத்திருந்தார். என் மடிக்கணினியில் சீடி போட இடமில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒரு கணினிக் கடையில் சீடிகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அப்பாவின் ஹார்ட் டிஸ்க்கை மடிக்கணினியோடு பொருத்துகிற வயர் ஒன்றும் வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன். அந்தச் செயலி கேள்விக்கு மேல் கேள்வி கேட்டது. உள்ளே இருக்கப்போகிற கணினிக்கு எவ்வளவு நினைவகம்? எவ்வளவு டிஸ்க்? அப்பாவின் காலத்து அளவைக் கொடுத்தால் போதும் என்றான் தம்பி. என் மடிக்கணினி அதைக் கிள்ளிக் கொடுத்தது போலத்தான் இருந்தது. பிறகு திரைக்குள் ஒரு சிறு கறுப்புத் திரை திறந்து, அது நீலமாகி, இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்றது. அந்த முப்பத்தொன்பது நிமிடம் ஒன்றரை மணித்தியாலம் நின்றது. இலக்கத்தைக் கேட்டபோது அப்பாவின் எட்டையும் ஆங்கில பி எழுத்தையும் பிரித்தறிய முடியாமல் ஐந்து முறை தட்டினேன். ஐந்தாம் முறை ஏற்றுக்கொண்டது.

அப்போதுதான் அந்த இசை வந்தது. எக்ஸ்பி எழும்பும்போது வருகிற, நாலு சுரமும் இல்லாத அந்தச் சின்ன இசை.

அடுப்படியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கையில் அகப்பையோடு வாசலில் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"ஆர் அதைப் போட்டது?"

"நான்தான் அம்மா. உள்ளுக்கு..."

"மணி ஆறரையோ எண்டு நினைச்சிட்டன்," என்றார். அப்பா தினமும் காலை ஆறரைக்குத்தான் அச்சுக்கூடத்தில் கணினியைப் போடுவார். அம்மாவைப் பிடித்துக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். இருதயக்காரியின் வீட்டில் முன்னறிவித்தல் இல்லாமல் இப்படி ஒரு சத்தத்தைப் போட்டதற்கு என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது. அம்மாவோ தண்ணீரைக் குடித்துவிட்டு, திரையில் தெரிந்த பச்சைப் புல்வெளியைப் பார்த்து, "உதுதான், உதுதான்" என்றார்.

திங்கட்கிழமை பாடசாலைக்கு லீவு போட்டேன். முதலில் அப்பாவின் செயலியையும் எழுத்தையும் உள்ளே ஏற்றினேன். அப்பாவின் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, கல்வெட்டுகள் இருந்த கோப்புறையை அப்படியே உள்ளே இருந்த கணினிக்குள் இழுத்துப் போட்டேன். எல்லாம் வந்து சேர்ந்து அரை மணித்தியாலத்துக்குள் அந்த ஹார்ட் டிஸ்க் "டிக், டிக்" என்று அடித்து நின்றுபோனது. பிறகு எத்தனை முறை பொருத்தியும் அது எழும்பவே இல்லை. பதினொரு வருடம் பொறுத்திருந்து, கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போனது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"அக்கா, இனி உள்ளுக்கு இருக்கிறது மட்டுந்தான். எதையும் தொட முந்தி ஒரு ஸ்நப்ஷொட் எடுங்கோ. இப்ப இருக்கிற நிலையை அப்பிடியே படம் பிடிச்சு வைக்கிற மாதிரி. நீங்கள் ஏதும் குழப்பினாலும் இந்த நிமிசத்துக்குத் திரும்பி வரலாம்."

"நான் என்னத்தைக் குழப்பப்போறன்?"

"எடுத்தனீங்களோ?"

"ஓமோம், எடுத்தனான்" என்று அவன் வாயை அடைப்பதற்காகவே அந்தப் பொத்தானையும் அழுத்தினேன்.

நூற்றுக்கணக்கான கோப்புகள். எல்லாம் இறந்தவர்களின் பெயர். இரண்டு தரம் மேலும் கீழும் போனேன். அம்மாவின் பெயர் இல்லை. கடைசியில் ஒன்று "வீடு" என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. வீடு கட்டிய விபரம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கலியாண வீடு ஒன்றில் எடுத்த படம். படத்துக்குக் கீழே "தோற்றம்" என்று போட்டு அம்மா பிறந்த நாள். பக்கத்தில் "மறைவு" என்று போட்டு ஒன்றும் இல்லை. அடுப்படியில் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் இங்கே அவருடைய கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டின மனைவிக்கு இதைச் செய்து வைத்திருக்கிறாரே மனுசன் என்று அப்பாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. திதி வெண்பாவில் ஆண்டுக்கும் மாதத்துக்கும் திதிக்கும் இடம் விட்டு, மற்றச் சீர்களையெல்லாம் எழுதி முடித்திருந்தார்.

அடுத்த பக்கம், கணவன் புலம்பல்.

ஊரழுத அழுகையெலாம் எழுதிவைத்த என்பேனா
பாரமிது தாங்காமல் பாதிவரி ஓடுதில்லை

என்று தொடங்கியது. அதற்கு மேல் அப்போது வாசிக்கமுடியவில்லை. அப்பா அம்மாவிடம் அன்பாக ஒரு வார்த்தை கதைத்து நான் கேட்டதில்லை. எங்களிடமும் அப்படித்தான். தம்பியையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பிள்ளை" என்பார். பெண்பிள்ளை என்றால் அப்படித்தானாக்கும் என்று நானும் வளர்ந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வம்சாவழி. மேலே அப்பாவும் அம்மாவும். கீழே பிள்ளைகளின் வரிசை. வலது பக்கத்தில் தம்பி, நடுவில் நான். எனக்கு இடது பக்கத்தில், மூத்த பிள்ளைக்குரிய இடத்தில், இன்னொரு பெட்டி. அதற்குள் "மகள்" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு கலங்கிப்போய் இருந்த நேரத்தில் அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சொந்த மனைவியின் கல்வெட்டையும் மனுசன் யாரோ ஒருவருடைய கல்வெட்டின் மேல்தான் தட்டியிருக்கிறார். பெயரை அழித்தவர் பெட்டியை அழிக்க மறந்திருக்கிறார். மூத்தவள் நான் இருக்க, எனக்கு முன்னால் முந்தின கல்வெட்டின் ஒருத்தி வந்து குந்திக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் கண்ணில் பட்டால் அப்பாவுக்குச் செத்த பிறகும் ஏச்சு விழும். ஆகவே அந்தப் பெட்டியை அழித்தேன். அழித்த இடம் வெறிச்சோடித் தெரிந்தது என்று என்னுடைய பெட்டியை இடது பக்கம் நகர்த்தி, தம்பியையும் நகர்த்தி, கோட்டைச் சரிசெய்து, சேமித்தேன். பார்க்க நல்ல அழகாக இருந்தது.

வீட்டுப் பிரிண்டரை அந்த உள்கணினிக்கு அறிமுகப்படுத்த அன்று பின்னேரமும் மறுநாள் காலையும் போயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினாறு பக்கத்தையும் அம்மாவின் கையில் கொடுத்தேன். சூட்கேஸ் கட்டியாயிற்று. மறுநாள் காலை ரெயில்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையைத் திறந்தார். தன் கல்வெட்டை வாசிக்கிற ஒருவரை நான் பார்த்தது அதுதான் முதல்தரம், இனிப் பார்க்கவும் வேண்டாம். முகத்தில் ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் ஒற்று விடுபட்டிருந்ததைப் போட்டார். தன் தகப்பனாரின் ஊர் தவறு என்று வெட்டித் திருத்தினார். கணவன் புலம்பலில் நெடுநேரம் நின்றார். நான் பயந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைக் கிட்டவாக நகர்த்தி வைத்தேன்.

"பாதிவரி ஓடுதில்லை எண்டு போட்டு நாப்பது வரி எழுதியிருக்கிறார்," என்றார். பக்கத்தின் அடியில் "சரி" என்று எழுதினார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பிள்ளைகளின் வரிசையில் விரலை வைத்தார். என் பெட்டியில் வைத்து, தம்பியின் பெட்டிக்குப் போய், திரும்பவும் என் பெட்டிக்கு வந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அம்மா. ஏன்?"

"அவர் போடேல்லை."

"என்னத்தை?"

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் பாக்கத்தான் பதினைஞ்சு வரியமாக் கேக்காமல் இருந்தனான். கேட்டு இல்லையெண்டு சொல்லிப்போட்டாரெண்டால் தாங்கமாட்டன் எண்டு. சரி. அவருக்கு ஞாபகம் இல்லை. விடு."

"என்ன அம்மா இல்லை?"

"உனக்கு மூத்தது."

ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில், உச்சி வெயிலில், சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று கேள்விப்படுகிறேன். அவளை முதல்நாள் நான் பார்த்தும் இருக்கிறேன். பார்த்து, சிரித்து, ஒரு விசையை அழுத்தி அழித்து, அவள் இருந்த இடத்துக்கு நானே நகர்ந்து போய் இருந்திருக்கிறேன்.

"அம்மா, அவர் போட்டவர்," என்றேன். "அப்பா போட்டவர். நான்தான் அழிச்சனான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது. தன் மனம் ஆறட்டும் என்று பொய் சொல்கிறேன் என நினைத்துவிட்டார். "சும்மா சொல்லாதை பிள்ளை," என்றார்.

ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தேன். கோப்பைச் சேமித்துவிட்டேன், பழையது இல்லை. அப்பாவின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. அப்போதுதான் அந்த ஸ்நப்ஷொட் நினைவுக்கு வந்தது. தம்பியின் வாயை அடைக்க அழுத்திய பொத்தான். அதைக் கோப்புகளை உள்ளே போட்ட பிறகு அழுத்தினேனா, முதலேயே அழுத்தினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. முதலே எடுத்திருந்தால், அந்த நிமிடத்துக்குத் திரும்பும்போது அப்பாவின் கல்வெட்டுகளே இருக்காது. கனடாவில் அப்போது விடியாத நேரம். எழுப்பினேன்.

"எடுத்தது எப்ப எண்டு எனக்குத் தெரியேல்லையடா."

"நான் உங்களைக் கேட்டது ஹார்ட் டிஸ்க் செத்தாப் பிறகு. அப்ப கோப்பெல்லாம் உள்ளுக்கு இருந்தது. பயப்படாதேங்கோ. ஏன், என்னத்தை அழிச்சனீங்கள்?"

அவனுக்கு அப்போது சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. திரும்பினால் அதற்குப் பின் செய்தவை எல்லாம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்டது. ஒரு நாளாகப் பாடுபட்டுப் பொருத்திய பிரிண்டரும் அதோடு போகும். போகட்டும் என்று அழுத்தினேன். கறுப்பாகிப் போன சின்னத் திரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வைத்த நேர்த்திக்கு இன்னும் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு பச்சைப் புல்வெளி வந்தது. "வீடு" இருந்தது. திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

எனக்கு இடது பக்கத்தில் அவள் இருந்தாள்.

அச்சிட வழியில்லை. மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். அம்மா திரும்பவும் கண்ணாடியைப் போட்டார். திரைக்கு மிகக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். அந்தப் பெட்டியைக் கண்டதும் வாயில் கையை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதார். அப்பா செத்த அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழவில்லை. டொக்டர் என்ன சொன்னார், நான் என்ன செய்கிறேன் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது. ஆனால் நிற்பாட்டவில்லை.

"ஒம்பது நாள் இருந்தது," என்றார் பிறகு. "முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்க முந்திப் போயிட்டுது. அதுக்குப் பிறகு அவர் வாயைத் திறக்கேல்லை. நானும் கதைக்கேல்லை. கதைக்காமல் கதைக்காமல் பழகிப்போச்சு."

"பேர் வைக்கேல்லையோ அம்மா? பெட்டிக்குள்ளை பேர் இல்லையே."

"வைச்சவர். பிறக்க முந்தியே பொம்பிளைப்பிள்ளை எண்டால் இந்தப் பேர்தான் எண்டு சொல்லி, ஈய எழுத்திலை கோத்து, அச்செடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினவர். பிள்ளை போனாப் பிறகு அந்த எழுத்தெல்லாத்தையும் பிரிச்சுத் திரும்ப எழுத்துப்பெட்டியிலை அறை அறையாப் போட்டிட்டார். நான் கண்ணாலை பாத்தனான்." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிறகு நீ பிறந்தாய். நான் அந்தப் பேரைத்தான் வைக்கவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டு வைச்சன். அவருக்கு விருப்பமில்லை. அதிலை என்னோடை கோவம் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"பிள்ளை, தண்ணி கொண்டா", "பிள்ளை, சோதனை மறுமொழி வந்ததோ", "பிள்ளை, கவனமாப் போ" என்று அப்பா கூப்பிட்டதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து காதில் விழுந்தது. நாற்பத்தெட்டு வருடமாக என்னுடையது என்று நான் நினைத்திருந்த பெயர் முதலில் அவளுடையது.

அம்மா சிவப்புப் பேனையைத் திறந்தார். நான் அச்சிட்டுக் கொடுத்திருந்த தாளை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து, என் பெட்டிக்கு இடது பக்கத்தில் இன்னொரு பெட்டி கீறினார். ஒரு மூலை கோணலாகிவிட்டது. மேலேயுள்ள தன் பெட்டியிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தார். உள்ளே "மகள்" என்று எழுதினார்.

"பேரையும் போடட்டோ அம்மா?" என்று கேட்டேன். என்னிடமிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"வேண்டாம். அவர் விட்டபடி இருக்கட்டும்," என்றார். பக்கத்தின் அடியில் "சரி" என்று எழுதி, பேனையை மூடினார்.

மறுநாள் காலை யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ரெயில் வந்து நின்றபோது, ஏறுகிற படியில் கால் வைத்தபடி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உதை ரெண்டு இடத்திலை சேவ் பண்ணி வைச்சனியோ?"

"மூண்டு இடத்திலை அம்மா."

"நல்லது."

அம்மா ஒபரேசன் முடிந்து திரும்பி வந்துவிட்டார். குழம்பில் இப்போது உப்புக் குறைவு என்று நான்தான் ஏச்சு வாங்குகிறேன். வெண்பாவில் திதிக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது, இருக்கட்டும். பாடசாலையில் தினமும் காலை வரவு இடாப்பில் கையெழுத்து வைக்கவேண்டும். என் பெயரின் முதல் எழுத்தை எழுதியதும் பேனை அப்படியே நின்றுவிடுகிறது. பின்னால் நிற்கிற ஆசிரியர்கள் பொறுமையிழந்து செருமுகிறார்கள். அதன் பிறகுதான் மிச்சத்தை எழுதுகிறேன்.